உதிரும் பூவும் நிற்கும் மரமும்

சகுரா பூத்து ஒரு வாரம் தாங்கினாலே அதிகம். அந்த ஒரு வாரத்துக்காக ஜப்பானியர்கள் மரத்தடியில் விரிப்பு விரித்துக் குடும்பத்தோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். மறையப்போவதன் முன் மனம் கசிவதை ‘மோனோ நோ அவாரே’ என்பார்கள். ‘கெஞ்சியின் கதை’ என்னும் பழைய ஜப்பானிய நாவலின் சாரமே அதுதான் என்றார் 18ஆம் நூற்றாண்டு அறிஞர் மோதோரி நோரினாகா.

பூவைப் பார்ப்பதற்கென்றே ஒரு சமூகம் நேரம் ஒதுக்குகிறது என்பதுதான் இந்த மரபின் பெரிய பலம். பார்த்ததை எழுதியும் வைத்தார்கள். கியோட்டோவில் சகுரா பூத்த நாட்களுக்கு 9ஆம் நூற்றாண்டிலிருந்தே குறிப்புகள் உண்டு. 2021இல் மார்ச் 26ஆம் தேதியே மரங்கள் முழுதாய்ப் பூத்தபோது, 1,200 ஆண்டுகளில் இவ்வளவு சீக்கிரம் பூத்ததில்லை என்று சொல்ல முடிந்தது அதனால்தான்.

நாம் பூவை விரும்பாதவர்கள் அல்ல. மல்லியை முழம் போட்டு வாங்குகிறோம். வேப்பம்பூவை உலர்த்தி ரசம் வைக்கிறோம். ஆனால் பூ கைக்கு வந்தால்தான் நமக்குப் பூ. சித்திரை வெயிலில் சரம் சரமாய்த் தொங்கும் கொன்றையை அண்ணாந்து பார்க்க விழுப்புரத்தில் யார் நிற்கிறார்கள்? இத்தனைக்கும், குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கிய கபிலர் வடக்கிருந்து உயிர்விட்டதாகச் சொல்லப்படும் குன்று, பக்கத்துத் திருக்கோவிலூரில் தென்பெண்ணை ஆற்றில்தான் இருக்கிறது.

ஜப்பானிய ரசனையையும் அப்படியே ஏற்க முடியவில்லை. இன்று அங்கே மிகுதியாகக் காணும் சோமெய்-யோஷினோ வகை முழுக்க ஒட்டுக்கட்டிப் பெருக்கிய ஒரே மரபணு. அதனால்தான் ஓர் ஊர் மரங்கள் அத்தனையும் சேர்ந்தாற்போல் பூத்து உதிர்கின்றன. இது சின்னக் குறை. உதிர்வதே அழகு என்று பழகிய மனத்தை இரண்டாம் உலகப் போரில் ராணுவம் பயன்படுத்திக்கொண்டதை மன்னிக்க முடியாது. பேரரசருக்காகச் சாகும் இளைஞனை உதிரும் சகுரா என்றார்கள். ஓட்டியவன் உயிரோடு திரும்ப வழியே இல்லாத தாக்குதல் விமானத்துக்கு ‘ஓகா’, அதாவது சகுரா மலர், என்று பெயர் வைத்தார்கள். கொலையை இழப்பாகவும், இழப்பை அழகாகவும் காட்டிவிட்டால் அப்புறம் கேள்வி எழாது.

அதே ஆபத்து நம் பக்கமும் உண்டு. புளியங்காட்டின் பெயரைத் தாங்கிய திண்டிவனத்தின் வழியே போகும் ஜி.எஸ்.டி. சாலையை நான்கு வழியாக்கியபோது இரு மருங்கும் நிழல் தந்த பழம்புளிய மரங்கள் விழுந்தன. எதுவும் நிலையில்லை என்று அதற்குத் தத்துவம் சொல்ல நான் தயாரில்லை. பூ உதிர்வது பருவம். மரத்தை வெட்டியது நம் முடிவு. புளியம்பூவைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்கு அந்த நஷ்டம் புரியும். வெளிர்மஞ்சள் இதழில் சிவப்பு நரம்போடும், மொட்டு இளஞ்சிவப்பு, வாயில் போட்டால் இளம்புளிப்பு. இப்போது சாலை நடுவே அரளி பூக்கிறது. அதன் அடியில் யாரும் உட்கார முடியாது.

சகுராவை இங்கே நடச் சொல்லவில்லை. நம் வெயிலுக்கு அது ஆகாது. அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் குறிப்பேட்டைத்தான். கேரளப் பள்ளிப் பிள்ளைகள் ‘சீசன்வாட்ச்’ திட்டத்தில் மரங்களை வாராவாரம் பார்த்து, பூவும் காயும் வருவதைப் பதிகிறார்கள். திண்டிவனத்துப் பள்ளிகளில் மிஞ்சியிருக்கும் புளியமரங்களுக்கும் அப்படி ஓர் ஏடு போடலாம், வைகாசியிலேயே தொடங்கிவிடலாம்.