கணக்குப்பிள்ளை மேசை

எழுதுகிற நண்பர்கள் யார் வந்தாலும் காபி கொடுப்பதற்கு முன்பே மாடி அறைக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவேன். ஒரு கணக்குப்பிள்ளை மேசை, ஒரு பத்தமடைப் பாய், வடக்குப் பார்த்த ஜன்னல். அவ்வளவுதான் அறை. ஆனால் உட்கார்ந்து பாருங்கள், எழுந்திருக்க மனம் வராது!

மேசை கிடைத்தது காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில். பழைய செட்டிநாட்டு வீடுகளின் எனாமல் தூக்குகளும் பீங்கான் ஜாடிகளும் மரத்தூண்களும் குவிந்து கிடக்கும் தெரு. அத்தனைக்கும் நடுவே பர்மா தேக்கில் இது. பேரம் பேசவே தோன்றவில்லை. தரையிலிருந்து ஒரு முழ உயரம், நம் பக்கம் சரியும் பலகை. மேல் விளிம்பில் பேனா கிடக்க ஒரு பள்ளம், கீழ் விளிம்பில் தாள் வழுக்காமல் தாங்க விரல்கனச் சட்டம். பலகையைத் தூக்கினால் உள்ளே குட்டிக் குட்டி அறைகள். பித்தளைக் கீல் இன்றும் முனகாது. ஒரு மூலையில் மரத்துக்குள் ஊறிப்போன நீல மைக்கறை, எந்தக் கணக்குப்பிள்ளை கைபட்டுக் கவிழ்ந்த மைக்கூடோ! பாலிஷ் போட வந்த தச்சரை அதன்மேல் கைவைக்க விடவில்லை.

சரிவின் அருமை எழுதினால்தான் தெரியும். சரிவில்லாத மேசையில் கழுத்து குனிந்து தாளைத் தேடும். இங்கே தாள் நிமிர்ந்து கண்ணுக்கு வருகிறது. சம்மணமிட்டால் முதுகும் தானாக நேராகிறது. மடிக்கணினியும் அந்தச் சட்டத்தில் சமர்த்தாக நிற்கும். பேரேடு எழுதச் செய்த பலகையில் தமிழ்99 விசைமுறையில் தட்டுவது என்ன சுகம் என்கிறீர்கள்! குழந்தைகளுக்குக் கதை எழுதிய ரோல்ட் டாலும் தன் தோட்டத்துக் குடிசையில் சாய்மான நாற்காலியின் குறுக்கே பச்சைத்துணி ஒட்டிய பலகையை வைத்துக்கொண்டுதான் எழுதினார். எனக்கு அவர்மேல் பிரியம் கூடியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஜன்னல் இடப்பக்கம் என்பதால் எழுதும் கையின் நிழல் தாளில் விழாது. வடக்கு வெளிச்சம் கண்ணைக் கூசவைக்காது. வலப்பக்கம் க்ரியா அகராதி, அதையடுத்து 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் ஆறு தொகுதிகளாகக் கொண்டுவந்த தமிழ் லெக்சிகனின் மறுபதிப்பு. தரையில் உட்கார்ந்திருப்பதால் எழாமலே எல்லாம் கைக்கு எட்டும். ஒரு சொல்லைப் பார்க்கப்போய் அடுத்த பத்துச் சொல்லில் மாட்டிக்கொள்ளும் சாயங்காலங்கள் எனக்குத் திருவிழா.

இப்படி ஒன்று கண்ணில்பட்டால் தயங்காமல் வாங்கிவிடுங்கள். கவிழ்த்து அடிப்பலகையைத் தட்டிப் பாருங்கள். கரையான் இல்லாமல் கணீரென்று கேட்டால் போதும், கறையெல்லாம் இருக்கட்டும்.