சொல்லாமல் பின்வாங்கும் இயந்திரம்

உதகமண்டலத்திலிருந்து கூடலூர் செல்லும் சாலையில், ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பைக்காரா. அங்கே ஒரு பெரியவர் தம் வீட்டு முற்றத்தில் மழைமானி ஒன்றை வைத்து, நாள்தோறும் காலையில் மழையளவைக் குறித்து வந்தார். முதலில் நோட்டுப் புத்தகத்தில் எழுதினார். 1990-களின் இறுதியில் ஒரு கணிப்பொறி வாங்கியபின் அதில் பதிந்தார். எண்களோடு நிற்காமல், அக்காலத் தமிழ் எழுத்துரு ஒன்றில் தம் குறிப்புகளையும் எழுதிவைத்தார். நோட்டுகள் மலையின் ஈரத்தில் பூஞ்சை பிடித்து அழிந்தன. எஞ்சியது அந்தப் பழைய கணிப்பொறி மட்டுமே. அதுவும் தன் கடைசி நாட்களை எண்ணிக்கொண்டிருந்தது.

அதன் வன்வட்டை அப்படியே பிரதி எடுத்து, என் புதிய கணிப்பொறிக்குள் ஒரு மெய்நிகர் கணிப்பொறியை அமைத்து அதில் ஓட்டிப் பார்த்தேன். ஓடியது. ஆனால் ஒரு மாதப் பட்டியல் திரையில் தோன்றுவதற்குள் ஒரு கோப்பைத் தேநீரைக் குடித்து முடித்துவிடலாம். உடன் இருந்த மாணவர், "பழசு சார், அப்படித்தான் இருக்கும்" என்றார்.

அந்த வாக்கியம் தவறு என்பதும், அப்படி நம்மை நம்பவைத்ததில் இயந்திரத்தை அமைத்தவர்களுக்கும் பங்கு உண்டு என்பதுமே இக்கட்டுரையின் வாதம்.

கணிப்பொறிக்குள் கணிப்பொறி

மெய்நிகர் கணிப்பொறி என்பது புதுமையன்று. ஒரே பெரிய இயந்திரத்தைப் பல இயந்திரங்களைப்போல் காட்டும் முறையை ஐ.பி.எம். நிறுவனம் 1960-களிலேயே சோதித்து, 1972-இல் வி.எம்/370 என்ற பெயரில் வெளியிட்டது. மேசைக் கணிப்பொறிகளுக்கு இம்முறை 1999-இல் வி.எம்.வேர் மூலம் வந்து சேர்ந்தது. நம் வசதிக்காக, மேசைமேல் இருக்கும் உண்மையான இயந்திரத்தை 'வெளிக்கணிப்பொறி' என்றும், அதற்குள் மென்பொருளால் ஆக்கப்பட்டதை 'உள்கணிப்பொறி' என்றும் அழைப்போம்.

உள்ளே ஓடும் பழைய இயக்க மென்பொருளுக்குத் தான் ஏமாற்றப்படுவது தெரியாது. வட்டிலிருந்து எதையாவது படிக்க வேண்டுமானால், தன் 'டிரைவர்' மென்பொருள் மூலம் வட்டுக் கட்டுப்பாட்டுச் சுற்றுக்குக் கட்டளை அனுப்புகிறது. அந்தச் சுற்று அங்கே இல்லை. வெளிக்கணிப்பொறி ஒவ்வொரு கட்டளையையும் வழிமறித்து, சுற்று செய்ய வேண்டிய வேலையைத் தானே செய்து பதில் தருகிறது. ஒவ்வொரு வழிமறிப்புக்கும் நேரம் செலவாகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

குடமும் குழாயும்

வட்டிலுள்ள செய்தி நினைவகத்துக்கு வந்துசேர இரண்டு வழிகள் உண்டு. பைக்காராவைக் கொண்டே விளக்கலாம். 1932-இல் மின் உற்பத்தி தொடங்கிய பைக்காரா மின்திட்டத்தில், நீர் ஏறத்தாழ 3,000 அடி உயரத்திலிருந்து குழாய் வழியே இறங்கிச் சிங்காரா மின்நிலையத்தின் பெல்டன் சக்கரங்களைச் சுழற்றுகிறது. பொறியாளர் அடைப்பிதழைத் திறந்துவிட்டுத் தம் மற்ற வேலைகளைக் கவனிக்கலாம். அதே நீரைப் பொறியாளரே குடம் குடமாகச் சுமந்து இறக்குவதாகக் கற்பனை செய்யுங்கள். நீர் வந்து சேரும், மின்நிலையம் நடக்காது.

கணிப்பொறியில் குழாய்க்குப் பெயர் டி.எம்.ஏ. மையச் செயலி ஒரு கட்டளை கொடுத்துவிட்டு விலகிக்கொள்ள, செய்தி நேரே நினைவகத்துக்குப் பாய்கிறது. குடத்துக்குப் பெயர் பி.ஐ.ஓ. இதில் செயலியே இரண்டிரண்டு பைட்டாக அள்ளி வைக்க வேண்டும்.

இனி ஒரு கணக்கு. ஒரு மெகாபைட் என்பது 10,48,576 பைட்டுகள். இரண்டிரண்டாக அள்ளினால் 5,24,288 முறை அள்ள வேண்டும். உள்கணிப்பொறியில் ஒவ்வொரு அள்ளலும் வழிமறிக்கப்பட்டு, அதற்கு 2 மைக்ரோ விநாடி செலவாவதாகக் கொள்வோம். அப்படியானால் ஒரு மெகாபைட்டுக்கு ஒரு விநாடிக்கும் சற்று அதிகம். 500 மெகாபைட்டுக்கு ஏறத்தாழ 9 நிமிடம். டி.எம்.ஏ. முறையிலோ ஒரே கட்டளையில் 256 துண்டுகள், அதாவது 128 கிலோபைட் வரை கேட்கலாம். ஒரு மெகாபைட்டுக்கு 8 கட்டளைகள் போதும். வழிமறிப்புகள் இலட்சக்கணக்கிலிருந்து நூற்றுக்கணக்குக்குக் குறைந்துவிடும். சில மெய்நிகர் மென்பொருள்கள் பல அள்ளல்களை ஒன்றாகச் சேர்த்துக் கையாண்டு இழப்பைக் குறைக்கின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் இழப்பு முற்றிலும் நீங்குவதில்லை.

இதில் ஒரு வியப்பு உண்டு. பி.ஐ.ஓ. முறையின் உச்ச வேகம் பழைய உண்மையான இயந்திரங்களில் விநாடிக்கு 16.6 மெகாபைட். நம் கணக்கின்படி இன்றைய விரைவான இயந்திரத்துக்குள் அது விநாடிக்கு ஒரு மெகாபைட்டாகச் சுருங்கிவிடுகிறது. மெய்நிகர் நிலையில் மூலத்தைவிடப் பிரதி மெதுவாகலாம். எனவே 'பழசு, அதனால் மெது' என்ற விளக்கம் கணக்குக்கு நிற்கவில்லை.

குறை எங்கே?

குழாய் இருக்கும்போது இயந்திரம் ஏன் குடத்தை எடுக்கிறது? இங்கேதான் என் குற்றச்சாட்டு தொடங்குகிறது. பரவலாக அறியப்பட்ட இரண்டு எடுத்துக்காட்டுகளைப் பாருங்கள்.

விண்டோஸ் 98, தன் விரைவான வட்டு டிரைவரைத் தொடக்கத்தில் ஏற்ற முயல்கிறது. கட்டுப்பாட்டுச் சுற்று புதிதாகவோ பொருந்தாததாகவோ இருந்து முயற்சி தோற்றால், 'எம்.எஸ்.டாஸ் ஒத்தியல்பு முறை' என்னும் பழைய வழிக்கு மாறி, ஒவ்வொரு வட்டு வேலைக்கும் பயாஸ் நிரலிடம் போய் நிற்கிறது. அத்துடன், பதிவேட்டில் 'என்.ஓ.ஐ.டி.இ.' என்ற பெயரில் ஓர் அடையாளத்தையும் எழுதிவிடுகிறது. அந்த அடையாளம் இருக்கும்வரை, அடுத்தடுத்த தொடக்கங்களில் விரைவான டிரைவரை முயன்றுகூடப் பார்ப்பதில்லை. முதலில் இருந்த தடை நீங்கிவிட்டாலும் தண்டனை நீங்குவதில்லை.

2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி. வேறு வழியில் அதே இடத்துக்கு வந்தது. பதில் தாமதமானாலோ, சி.ஆர்.சி. சரிபார்ப்பில் பிழை தெரிந்தாலோ அதை எண்ணிக்கொண்டே வரும். மொத்தம் ஆறு பிழைகள் சேர்ந்தால் வேகத்தை ஒருபடி இறக்கும். இப்படிப் படிப்படியாக இறங்கிக் கடைசியில் பி.ஐ.ஓ. முறையில் வந்து நிற்கும். இந்த ஆறு பிழைகள் ஒரே நாளில் நேர வேண்டியதில்லை. ஆண்டுக்கணக்கில் சேர்ந்தாலும் சேர்ந்ததுதான். இடையில் நிகழ்ந்த கோடிக்கணக்கான வெற்றிகள் கணக்கில் வரா. வெற்றி கண்டதும் எண்ணிக்கையைப் பூஜ்யத்துக்குத் திருப்பும் வசதி பின்னர் வந்தது. ஆனால் பயனரே அதைத் தேடிச் செயற்படுத்த வேண்டியிருந்தது.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். இவற்றை வடிவமைத்தவர்கள் அறிவிலிகள் அல்லர். 1990-களின் வட்டுகளிலும் சுற்றுகளிலும் டி.எம்.ஏ. எல்லா இடத்திலும் நம்பகமாக இயங்கவில்லை. வேகமாகத் தவறான செய்தியைத் தருவதைவிட மெதுவாகச் சரியான செய்தியைத் தருவதே மேல். ஆகவே பின்வாங்கியது சரி. பின்வாங்கியதைத் திரையில் தெளிவாக அறிவிக்காததும், நிலைமை மாறியதா என்று மறுமுறை சோதிக்காததுமே தவறு. விவரம் எங்கேயும் இல்லை என்று சொல்ல முடியாது. தேடத் தெரிந்தவருக்கு அமைப்புப் பக்கங்களுக்குள் ஒரு மூலையில் ஒருவரிச் செய்தி கிடைக்கும். வீட்டு மின்சுற்றில் ஃபியூஸ் போனால் விளக்கு அணைந்து நமக்குத் தெரிவிக்கிறது. விளக்கைப் பாதி வெளிச்சத்தில் எரியவிட்டு, காரணத்தை மட்டும் பரணில் ஒரு சீட்டில் எழுதிவைக்கும் ஃபியூஸை யாரேனும் வாங்குவார்களா?

நாம் செய்யும் தவறு

இயந்திரம் மௌனம் சாதித்தால் நாம் ஊகத்தில் இறங்குகிறோம். 'நினைவகத்தைக் கூட்டு', 'இன்னும் இரண்டு செயலி கொடு', 'எல்லாவற்றையும் அழித்து மீண்டும் நிறுவு' என்பவை வழக்கமான அறிவுரைகள். குடத்தால் நீர் சுமப்பவருக்குப் பெரிய தொட்டி கட்டிக் கொடுப்பதால் பயன் சிறிது. விண்டோஸ் 98-க்கு நினைவகத்தை அளவுக்கு மீறிக் கூட்டினால் தொடங்கவே மறுக்கும். மூன்றாவது அறிவுரை, காப்பாற்ற வந்ததையே அழித்துவிடக்கூடும்.

ஆய்வகத்தில் செய்வதுபோல் முதலில் அளந்து பாருங்கள். வட்டுப் பிரதியின் இன்னொரு பிரதியில் மட்டுமே சோதனை செய்யுங்கள். பெரிய கோப்பு ஒன்றை நகலெடுத்து, கைக்கடிகாரத்தில் நேரம் பாருங்கள். உள்கணிப்பொறியின் கடிகாரத்தை நம்ப வேண்டாம். வெளிக்கணிப்பொறி வேலை மிகுதியில் இருந்தால் உள்ளே சில துடிப்புகள் தவறி, அந்தக் கடிகாரமே பின்தங்கும். அளக்கப்படும் பொருளோடு சேர்ந்து சுருங்கும் அளவுகோல் எதற்கு உதவும்?

அதே வேளையில் வெளிக்கணிப்பொறியைக் கவனியுங்கள். அதன் வட்டு சும்மா இருக்க, செயலியின் ஒரு பகுதி மட்டும் முழுமூச்சாக உழைத்தால், குடம் சுமக்கப்படுகிறது என்று முடிவு செய்யலாம்.

பிறகு காரணத்தைத் தேடுங்கள். உள்கணிப்பொறிக்கு அக்கால மென்பொருள் அறிந்த ஐ.டி.இ. வகைக் கட்டுப்பாட்டுச் சுற்றைத் தேர்ந்திருக்கிறீர்களா? விண்டோஸ் 98-இல் வட்டின் பண்புப் பக்கத்தில் டி.எம்.ஏ. கட்டத்தில் குறியிட்டு மறுபடி தொடங்குங்கள். குறி நிலைத்தால் வழி திறந்தது. அமைப்புப் பக்கம் ஒத்தியல்பு முறையைக் காட்டினால், பதிவேட்டில் மேற்சொன்ன அடையாளத்தை நீக்கிவிட்டுத் தொடங்குங்கள். எக்ஸ்.பி.யில் அந்த ஐ.டி.இ. தடத்தின் சாதனப் பதிவை நீக்கிவிட்டு மறுபடி தொடங்கினால், எண்ணிக்கை புதிதாகத் தொடங்கும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்து, ஒவ்வொன்றுக்கும் பின் மீண்டும் அளந்து பாருங்கள்.

பெரியவரின் குறிப்பு

பைக்காரா வட்டில் நேர்ந்த பிழை என்னுடையது. முதல்முறை பொருந்தாத சுற்றைத் தேர்ந்து தொடங்கிவிட்டேன். பின்னர் சுற்றைத் திருத்தினேன். ஆனால் முதல் தோல்வியின் அடையாளம் உள்ளேயே தங்கியிருந்தது. அதை நீக்கியதும், தேநீர் ஆறுவதற்குள் எல்லா ஆண்டுகளின் பட்டியல்களும் திறந்தன.

எண்களை மட்டும் வேறு வழியில் எடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எடுத்திருக்கலாம். ஆனால் தமிழ்க் குறிப்புகள் பழைய எழுத்துருவின் குறியீட்டில் இருந்தன. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்'99 மாநாட்டில் தமிழுக்குப் பொதுக் குறியீடுகள் பரிந்துரைக்கப்பட்டன. 2010-இல் தமிழக அரசு யூனிக்கோடை ஏற்றது. அதற்கு முன் ஆளுக்கொரு குறியீட்டில் எழுதப்பட்டவை புதிய இயந்திரத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். அவற்றைச் சரிபார்த்து மாற்ற, பழைய மென்பொருளில் அவை எப்படித் தோன்றின என்று பார்த்தே ஆகவேண்டும்.

பார்த்தபோது, ஓர் ஆண்டு ஜூலை மாதத்துக் கட்டம் ஒன்றில் மழையளவுக்கு எதிரே பெரியவர் இப்படி எழுதியிருந்தார்: "காற்றில் மானி சாய்ந்து கிடந்தது. நிமிர்த்தி வைத்தேன். இன்றைய அளவை நம்ப வேண்டாம். நாளை முதல் சரி."

தான் தவறியதை அன்றே சொல்லி, மானியைச் சரிசெய்து, மறுநாள் மீண்டும் அளக்கத் தொடங்கினார். மிகப் பெரிய நிறுவனங்களின் மென்பொருள் செய்யத் தவறியது இதைத்தான். மாணவர்களே, நாளை நீங்கள் ஒரு கருவியையோ நிரலையோ அமைக்கும்போது அதில் இத்தகைய ஒரு குறிப்புக்கும் இடம் வையுங்கள்.