வழங்கிப்பக்க நிரல்மொழித் தேர்வு: தமிழ் எழுத்து என்னும் அளவுகோல்

வழங்கிப்பக்க நிரல்மொழி என்பது இணையத்தளம் வைக்கப்பட்டிருக்கும் வழங்கியில் இயங்கி, தரவுத்தளத்திலிருந்து தகவலை எடுத்துப் பக்கமாக்கி அனுப்பும் மொழியாகும். பிஎச்பி, பைத்தான், ரூபி, ஜாவா ஆகியவை இவ்வகையில் பரவலானவை. 2009 இல் நோட் ஜேஎஸ் வந்தபின் ஜாவாஸ்கிரிப்டும் இவற்றோடு சேர்ந்தது.

இவற்றுள் எதைத் தேர்வது என்ற விவாதம் பெரும்பாலும் வேகம், வேலைவாய்ப்பு, புதுமை ஆகிய மூன்றோடு நின்றுவிடுகிறது. தமிழில் தளம் அமைப்பவருக்கு இது போதாது. புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் விற்கும் மீன், காய்கறி, மளிகைப் பொருள்களின் அன்றாட விலையைத் தமிழில் தரும் ஒரு தளத்தை மாணவர் உருவாக்குவதாகக் கொண்டால், குறை எங்கே என்பது விளங்கும்.

எண்ணுதலும் வெட்டுதலும்

'புதுச்சேரி' என்பதில் ஐந்து எழுத்துகள் உள்ளன. பிஎச்பியின் அடிப்படைச் செயற்கூறு இதை 30 என்று எண்ணும். அது பைட்டுகளின் எண்ணிக்கை. பைத்தான் 3, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவை 10 என்று எண்ணும். ஒருங்குறியில் 'ப' ஒரு குறி, உகரக் குறி இன்னொன்று. முதல் மூன்றை மட்டும் வெட்டி எடுக்கச் சொன்னால் பைத்தான் 'புத' என்று தரும். கைப்பேசித் திரைக்காகப் பெயரைச் சுருக்கும் தளத்தில் இது நேரடிப் பிழை.

ஐந்து என்ற சரியான விடை, பிஎச்பியில் இன்ட்ல் நீட்சியால் கிடைக்கும். ரூபியிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் அதற்குத் தனி வசதி உண்டு. பைத்தானுக்கு ஓப்பன் தமிழ் போன்ற நிரலகத்தைச் சேர்க்க வேண்டும்.

வரிசையும் தேடலும்

அகராதி வரிசைப்படி வள்ளிக்கிழங்கு முன்னும் வற்றல் பின்னும் வர வேண்டும். ஒருங்குறியில் றகரம் ளகரத்துக்கு முன் இருப்பதால், குறியெண்ணை மட்டும் பார்க்கும் வரிசை இதைத் தலைகீழாக்கும். கடைசியில் வர வேண்டிய ஜவ்வரிசி, சகரத்தை அடுத்து நடுவில் வந்து நிற்கும். தமிழ் வரிசை அறிந்த ஒப்பீட்டு வசதியைப் பயன்படுத்தினாலே இது சீராகும்.

தேடலில் சிக்கல் இன்னும் நுட்பமானது. கொத்தமல்லியின் முதல் எழுத்தை ஒரே ஒகரக் குறியாலும் எழுதலாம். எகரக் குறியும் காலும் சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு. பதியும்போதும் தேடும்போதும் இயல்பாக்கம் செய்யாவிட்டால், கடையில் இருக்கும் பொருளை 'இல்லை' என்று தளம் சொல்லிவிடும்.

வரலாறு காட்டுவது

ஒருங்குறியை உள்ளேயே கொண்டதாகத் திட்டமிடப்பட்ட பிஎச்பி 6, 2010 இல் கைவிடப்பட்டது. 2015 இல் நேராக 7 ஆம் பதிப்பு வந்தது. ஆயினும் 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் ஈழத்து நூல்களைத் திரட்டும் நூலகம் தளமும் பிஎச்பியில் எழுதப்பட்ட மீடியாவிக்கி மென்பொருளிலேயே வளர்ந்தன. மறுபுறம், 2008 இல் ஒருங்குறியை அடிப்படையாக்கிய பைத்தான் 3, பழைய நிரல்களை மாற்றி எழுதும் பெருஞ்சுமையைத் தந்தது. மொழியின் குறையை நிரலகமும் கவனமும் ஈடுசெய்யலாம். கவனக்குறைவை எந்த மொழியும் ஈடுசெய்யாது.

மதிப்பீடு

எனவே 'எது சிறந்த மொழி' என்ற கேள்வியே பாதிக் கேள்விதான். எண்ணுதல், வெட்டுதல், வரிசை, தேடல் ஆகிய நான்கையும் தமிழ்ச் சொற்களால் சோதித்தபின் தேர்வதே முறை. தேவையான நீட்சி வாடகை வழங்கியில் இயங்குகிறதா என்பதையும் முன்பே பார்க்க வேண்டும். உருவாக்கிய மாணவர் படிப்பு முடித்துப் போனபின் தளத்தைப் பராமரிக்க அந்த மொழி தெரிந்தவர் ஊரில் கிடைப்பாரா என்பதும் வேகத்தைவிட முக்கியம். ஒரு நொடியில் பாதி மிச்சமாவதை வாசகர் கவனிக்கமாட்டார். கொத்தமல்லி கிடைக்காவிட்டால் மறுபடி வரமாட்டார்.