வாக்குச் சீட்டும் லயத்து வீடும்

மக்களாட்சியின் உயிர்நாடி வாக்குரிமை என்பர். தேர்தல் நாளன்று தோட்ட நிருவாகியின் சீட்டுக்கும் தேயிலை கொய்யும் பெண்ணின் சீட்டுக்கும் மதிப்பு ஒன்றே. பாட நூல்களிலும் மேடைகளிலும் பெருமையோடு சொல்லப்படும் உண்மை இது. ஆயின், வாக்களித்துவிட்டு அப்பெண் திரும்பிச் செல்லும் லயத்து வீடு அவளுடையதன்று. அதன் முன்னுள்ள பாதையும் விளக்கும் குழாயும் அவளுடைய வாக்குக்குக் கட்டுப்பட்டவையும் அல்ல. வாக்குச் சாவடி வரை வந்த மக்களாட்சி லயத்து வாசல் வரை வந்திருக்கின்றதா? தோட்டப்புற அரசியலைப் பற்றிய விவாதங்களில் முதலில் எழவேண்டிய வினா இதுவே. இதனை உரைத்துப் பார்க்கப் பகாங் மாநிலத்துக் கேமரன் மலை ஏற்றதோர் உரைகல்லாகும்.

1885ஆம் ஆண்டில் நில அளவையாளர் வில்லியம் கேமரன் சென்று கண்ட அம்மலைப் பகுதியில், 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பெற்றது. மலைச் சரிவுகளைத் திருத்திச் செடி வளர்த்த உழைப்பில் தமிழர் பங்கு பெரிது. ரப்பர்த் தோட்டத்தைப் போலவே தேயிலைத் தோட்டமும் தனக்குத் தானே ஓர் உலகமாக அமைந்தது. குடியிருப்பு, மருந்தகம், பள்ளி, கோயில் யாவும் தோட்ட எல்லைக்குள் இருந்தன. யாவும் நிருவாகத்தின் இசைவையே சார்ந்திருந்தன. 1957இல் நாடு விடுதலை பெற்றபோது, பிறப்பாலும் பதிவாலும் குடியுரிமை பெறும் வழி திறந்தது. மனுச் செய்யும் முறை அறியாமல் விடுபட்டுப் போனவர்களும் தோட்டங்களில் பலர் உண்டு. எனினும், குடியுரிமை பெற்ற தொழிலாளி அன்று முதல் சட்டத்தின் கண்ணில் இரண்டு பெயர் உடையவன் ஆனான். ஒன்று குடிமகன், மற்றொன்று தொழிலாளி.

தொழிலாளி என்ற முறையில் அவனுக்குச் சட்டம் செய்த நன்மையைக் குறைத்து மதிப்பிடுதல் நேர்மையாகாது. 1966இல் தொழிலாளர் வீடுகளுக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம் வந்தது. 1990இல் அதனினும் விரிவான சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. வீடு, நீர், நலவாழ்வு ஆகியவற்றை முதலாளியின் கருணையிலிருந்து மீட்டுக் கடமையாக்கியவை இச்சட்டங்கள். ஆனால், அவற்றின் அடிப்படைக் கருத்தையும் ஆராய்தல் வேண்டும். வீடு அங்கே வேலையின் நிழல். வேலை உள்ளவரை வீடு உண்டு. ஓய்வு பெறும் வயதில், வீடு மிகவும் தேவைப்படும் காலத்தில், அது கைவிட்டுப் போகின்றது. மூன்று தலைமுறை ஒரே மலையில் வாழ்ந்தும், ஒரு குடும்பம் அவ்வூரின் 'ஊரார்' என்னும் மூன்றாவது பெயரைச் சட்டத்தில் பெறவில்லை.

ஊரார் என்ற தகுதியைத் தரவல்லது ஊராட்சி. மலேசியாவில் ஊராட்சித் தேர்தல்கள் இந்தோனேசிய எதிர்ப்புக் காலமான 1965இல் நிறுத்திவைக்கப்பட்டன. அவ்வாண்டிலேயே ஊராட்சி மன்றங்களை ஆராய அமைக்கப்பட்ட அரசாணைக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் ஆதி நாகப்பன் என்னும் தமிழரே. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என அக்குழு பரிந்துரைத்தது. அரசு அதனை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அதன்பின் கேமரன் மலை மாவட்ட மன்றத்தின் உறுப்பினர்களும் நாட்டின் பிற மன்றத்தினரைப் போலவே மாநில அரசால் நியமிக்கப்படுகின்றனர்.

ஊராட்சித் தேர்தல் செலவு மிக்கது, கட்சிப் பூசலை வளர்ப்பது, நகர்ப்புறத்தில் இன வேற்றுமையைக் கூர்மையாக்குவது என்பன எதிர்த்தரப்பின் வாதங்கள். இவற்றை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. அன்றைய ஊராட்சித் தேர்தல்களும் நகரங்களையும் புதுக் கிராமங்களையும் பெரும்பாலும் தழுவினவே அன்றித் தனியார் தோட்டங்களை அணைத்துக் கொள்ளவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். ஆகவே, பழைய தேர்தலை மீட்பது மட்டும் தோட்டத் தொழிலாளிக்குப் போதாது. தோட்டக் குடியிருப்பையும் ஓர் ஊராக ஏற்பதே அடிப்படைத் தேவை.

அருகிலுள்ள மன்றத்தில் குரலில்லாத இடத்தில் நாடாளுமன்றத் தொகுதி ஒன்றே நம்பிக்கையாகின்றது. கேமரன் மலைத் தொகுதியில் 2004 முதல் 2018 வரை நடந்த நான்கு பொதுத் தேர்தல்களிலும் ம.இ.கா. வேட்பாளர்களே வென்றனர். 2013இல் வாக்கு வேறுபாடு 462, 2018இல் 597. ஏறத்தாழ நூற்றுக்கு 15 பேர் இந்தியராக இருந்த தொகுதியில், தோட்டத்தின் சில லயங்கள் சேர்ந்தால் முடிவையே மாற்றலாம் என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன. இத்துணை வலிமையுள்ள வாக்கு, தேர்தல் முடிந்த மறுநாளே வலுவிழப்பது ஏன்? ஐந்தாண்டுக்கொருமுறை ஒலிக்கும் குரலைத் தொடர்ந்து ஒலிக்கச் செய்யும் மன்றம் கீழே இல்லாமையே காரணம்.

2018ஆம் ஆண்டு நவம்பர் 30இல் தேர்தல் நீதிமன்றம் அவ்வாண்டின் முடிவைச் செல்லாததாக்கியது. பூர்வக்குடியினரான ஒராங் அஸ்லி வாக்காளர்களுக்குப் பணம் வழங்கப்பட்டது மெய்ப்பிக்கப்பட்டதாக அது கண்டது. வாக்கின் தூய்மையைச் சட்டம் காத்தது. அவ்வகையில் தீர்ப்பு போற்றத்தக்கது. ஆனால், வாக்கை விலை பேசும் நிலைக்கு ஒரு மக்களைத் தள்ளிய வறுமையை எந்த நீதிமன்றமும் செல்லாததாக்க இயலாது. அது கொள்கையின் பணி.

2019 சனவரி 26இல் நடந்த இடைத்தேர்தலில் தேசிய முன்னணி ஒராங் அஸ்லி வேட்பாளரை நிறுத்தியது. ரம்லி முகமது நோர் 3,238 வாக்கு வேறுபாட்டில் வென்று, மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஒராங் அஸ்லி ஆனார். தொகுதி வாக்காளரில் ஏறத்தாழ நூற்றுக்கு 22 பேர் அம்மக்கள். 'நம் தொகுதி போயிற்று' என்று வருந்துவோர் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. நாட்டின் மூத்த குடி, மக்களவையில் ஓர் இருக்கை பெற விடுதலைக்குப்பின் 61 ஆண்டுகள் காத்திருந்தது. காட்டின் மேல் உறுதியான உரிமையில்லாத பூர்வக்குடியும், வீட்டின் மேல் உரிமையில்லாத தோட்டத் தொழிலாளியும் வாழும் மண் தமதாகாத ஒரே துயரின் இரு முகங்கள். தன் இனத்தவர் ஒருவர் அவையில் அமர்வது மதிப்புக்குரியது; ஆனால் அதுவே உரிமையாகிவிடாது. தமிழர் அமர்ந்த ஆண்டுகளைக் கொண்டே இதனை அளந்தறியலாம்.

இதே தேயிலை வளரும் இலங்கை மலையகம் இக்கருத்துக்குத் தக்க சான்று. அங்கே 1947 தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரசு சார்பில் எழுவர் நாடாளுமன்றம் சென்றனர். தலவாக்கொல்லையில் வென்ற சி. வி. வேலுப்பிள்ளை கவிஞரும் ஆவார். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த தேர்தல் சட்டத் திருத்தமும் அம்மக்களின் வாக்கைப் பறித்தன. நாடற்றோராய் எஞ்சியிருந்தோருக்கு 2003இல் சட்டம் குடியுரிமை வழங்கியது. அதன்பின்னும், 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்திலிருந்த 33ஆம் பிரிவு, தோட்டப் பகுதிகளில் சபையின் நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. அது திருத்தப்பட்டது 2018இல்தான். வாக்கு முழுமையாக மீண்ட பிறகும், ஊராட்சியின் கை தோட்டத்துக்குள் நுழையப் பதினைந்து ஆண்டுகள் தேவைப்பட்டன. வாக்குரிமையும் ஊருரிமையும் வெவ்வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

இப்பாடத்தைத் தமிழ் இலக்கியம் போதிய அளவு கற்றதா என்பதும் ஐயமே. துரையையும் கங்காணியையும் கள்ளுக்கடையையும் தோட்டப்புறக் கதைகள் நெஞ்சுருக வரைந்தன. ஆனால் ஒரு சட்டப் பிரிவு ஒரு குடும்பத்தின் கூரையை எவ்வாறு தாங்குகிறது, எவ்வாறு பிரிக்கிறது என்பதை அரிதாகவே எழுதின. கண்ணீரைப் பதிவு செய்த எழுத்து, காரணத்தையும் பதிவு செய்தாலன்றி முழுமையடையாது.

வாக்களிக்கும் வயது 18 ஆகவும், வாக்காளர் பதிவு தானாகவே நிகழவும் 2019இல் அரசியலமைப்பு திருத்தப்பட்டது. 2021 டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. பள்ளி இறுதி வகுப்பை முடித்த சிறிது காலத்திலேயே தோட்டத்து மாணவர் வாக்காளராகின்றனர். வாக்களிக்கும் முறையோடு வாக்குக்குப் பிந்திய கடமையையும் அவர்களுக்குக் கற்பித்தல் ஆசிரியர் பொறுப்பு. இன்று அம்மலையில் தேயிலை கொய்யும் கைகளில் பல, வாக்குரிமையற்ற வெளிநாட்டுத் தொழிலாளர் கைகள். நேற்று லயத்தில் குரலின்றி வாழ்ந்தோரின் பிள்ளைகள், இன்று அதே லயத்தில் குரலின்றி வாழ்வோரை எவ்வாறு நோக்குகின்றனர் என்பதில்தான் பெற்ற வாக்குரிமையின் பயன் விளங்கும்.