88–89 பற்றிக் கேட்டால் என்ன பதில்?

2024 செப்டெம்பர் 18 அன்று தேசிய மக்கள் சக்தி தனது ஜனாதிபதித் தேர்தல் பரப்புரையை நுகேகொடைப் பெருங்கூட்டத்தோடு நிறைவு செய்தது. அந்தப் பரப்புரை நெடுகிலும் அதன் வேட்பாளர் அநுர குமார திசாநாயக்கவை ஒரு கேள்வி துரத்தியது: 1988–89இல் ஆயுதம் தூக்கிய அவருடைய கட்சியான ஜே.வி.பி.யை (மக்கள் விடுதலை முன்னணி) நம்பி நாட்டைக் கொடுக்கலாமா? வீடும் காணியும் பறிபோகும் என்றுகூட எதிரணியினர் பயங்காட்டினார்கள். அதற்கு ஜே.வி.பி.யினர் சொன்ன பதிலின் நிறைகுறைகளை, அவர்கள் வென்ற பிறகும் எடைபோடத்தான் வேண்டும்.

அந்த அச்சத்தை எதிரணி கற்பனையில் உருவாக்கவில்லை. 1987 இலங்கை–இந்திய ஒப்பந்தத்தின் பின் தெற்கில் கடையை மூடு, விளக்கை அணை என்று ஜே.வி.பி.யின் துண்டுச் சீட்டுகள் வந்தன. மீறியவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய பிரேதப்பெட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கக்கூடாது என்றும் கட்டளை இருந்தது. கொழும்புப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஸ்டான்லி விஜேசுந்தர 1989 மார்ச்சில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இந்தக் கடந்த காலத்துக்கு இயக்கம் கொடுத்த பதிலில் மெச்சத்தக்கவை உண்டு. 2014இல் கட்சித் தலைமையை ஏற்ற சில மாதங்களிலேயே, நடக்கக்கூடாதவை தங்கள் கைகளால் நடந்தன என்று அநுர பிபிசியிடம் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். இலங்கையில் பெரிய கட்சியொன்றின் தலைவர் தம் கட்சி சிந்திய இரத்தத்தைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாகப் பேசியது அபூர்வம். சொல்லைவிடச் செயல் வலுவானது: 1994 முதல் ஜே.வி.பி. வாக்குப்பெட்டியை நம்பியே நின்றது. 2020இல் மூன்றே ஆசனங்கள் கிடைத்தபோதும் அந்தப் பாதையை விட்டு விலகவில்லை. 2019இல் தேசிய மக்கள் சக்தியாக விரிந்தபோது கல்வியாளர் ஹரிணி அமரசூரிய போன்று பழைய சுமை இல்லாதவர்கள் முன்வரிசைக்கு வந்தார்கள்.

குறைகளும் சிறியவையல்ல. 88–89 என்றதும் ‘அரசு எங்களை எப்படிக் கொன்றது தெரியுமா’ என்று திருப்பிக் கேட்பது அவர்களுடைய வழமை. அரசு கொன்றது உண்மை. கட்சியின் நிறுவனர் றோகண விஜேவீரவும் 1989 நவம்பரில் காவலில் இருந்தபோதே கொல்லப்பட்டார். அக்காலத்து அரச வதைமுகாம் பற்றிய பட்டலந்த ஆணைக்குழு அறிக்கை 2025 மார்ச்சில் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டதும் நியாயமே. ஆனால், அரசின் குற்றம் இவர்களுடைய குற்றத்தைக் கழுவிவிடாது. ஆண்டுதோறும் நவம்பரில் தங்கள் மாவீரர்களை நினைவுகூரும் கட்சி, தன் கையால் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு என்ன செய்தது?

அந்தப் பதில் சிங்கள வாக்காளருக்கு மட்டுமே சொல்லப்பட்டது என்பதுதான் மிகப் பெரிய குறை. தமிழரின் கேள்வி 88–89ஓடு முடிவதில்லை. 2005இல் மஹிந்த ராஜபக்ஷவை ஆதரித்ததும், விடுதலைப் புலிகளுக்கு எதிரான போரை ஊக்குவித்ததும், 2006இல் உயர் நீதிமன்றத்துக்குப் போய் இணைந்திருந்த வடக்கையும் கிழக்கையும் பிரிக்க வைத்ததும் இதே ஜே.வி.பி.தான். அதைப் பற்றி 2014இல் கேட்டதுபோன்ற ஒரு வருத்தச் சொல் வரவில்லை. இருந்தும் 2024 நவம்பரில் யாழ்ப்பாண மாவட்டம் ஆறில் மூன்று ஆசனங்களை இவர்களுக்குக் கொடுத்தது. அந்த நம்பிக்கை கணக்கு முடிந்ததற்கான பற்றுச்சீட்டு ஆகாது.

தங்களைத் தீவிரவாதிகள் என்னும் பேச்சுக்கு ஆட்சியில் இருப்பவர்கள் மேடையில் பதில் சொல்லத் தேவையில்லை, சட்டத்தில் சொல்லலாம். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவதாக வாக்களித்தவர்களின் ஆட்சியில்தான், 2025 மார்ச்சில், இஸ்ரேலுக்கு எதிரான ஸ்டிக்கர் ஒட்டியதற்காக ஒரு முஸ்லிம் இளைஞர் அதே சட்டத்தின் கீழ் தடுத்து வைக்கப்பட்டார்.

ஜே.வி.பி. மாறியிருக்கிறது, அதை மறுப்பது நேர்மையல்ல. ஆனால், மாற்றத்துக்குச் சான்றிதழ் கொடுக்கும் உரிமை பாதிக்கப்பட்டவர்களுக்கே உண்டு. தெற்கில் தாங்கள் கொன்றவர்களின் பெயர்களைச் சொல்லட்டும். வடக்கு–கிழக்கில் தாங்கள் ஆதரித்த போருக்குக் கணக்குச் சொல்லட்டும். அதுவரை அவர்களுடைய பதில் பாதிப் பதில்தான்.