பெயர் வைக்கிறவர்களும் கேட்கிறவர்களும்: ‘ஹவ் டு நேம் இட்?’ பற்றிச் சில அபிப்பிராயங்கள்

1986இல் வெளிவந்த இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ பற்றி இங்கே பேசப்பட்டதில் பெரும்பகுதி தீர்ப்பு. சபாக் காது அதில் ராகத்தைத் தேடி, ராகம் கிடைத்ததும் விஸ்தாரம் எங்கே என்று கேட்டது. மேற்கத்திய சங்கீதம் படித்த காது, ஃப்யூக் இலக்கணப்படி இருக்கிறதா என்று பரீட்சைத் தாள் திருத்தியது. ரசிகர் மன்றக் காதுக்கு ‘நம்ம ஆளு பாக் வரைக்கும் போயிட்டார்’ என்பதே போதுமாயிருந்தது, நாடாவைக் கேட்கவேண்டிய அவசியம்கூட இல்லை. மூன்றுமே சான்றிதழ் கேட்கிற காதுகள்தாம். யாரிடம் கேட்பது என்பதில்தான் வேறுபாடு.

இந்த விளையாட்டை ஆரம்பித்து வைத்ததில் படைப்புக்கும் பங்குண்டு. தியாகராஜருக்கும் யோஹான் செபாஸ்டியன் பாகுக்கும் சமர்ப்பணம் என்று போட்டுவிட்டு, உள்ளே ஒரு உருப்படிக்கு ‘டோன்ட் கம்பேர்’ என்று பெயர் வைத்தால் கேட்பவன் என்ன செய்வான்? ஒப்பிடாதே என்று சொல்லிக்கொண்டே இரண்டு அளவுகோல்களைக் கையில் கொடுக்கிற பிரதி இது. இந்த முரணை ‘அடக்கம்’ என்று பலர் வாசித்தார்கள். பதற்றம் என்றுதான் எனக்குப் படுகிறது. பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராசனோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் வாசித்து, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்து, 1976இல் ‘அன்னக்கிளி’யோடு சினிமாவுக்குள் வந்தவர், பத்தே வருஷத்தில் சினிமாவுக்கு வெளியே ஒரு நாடா போடும்போது வரும் பதற்றம்.

இனி சிவகாசிக்கு வருகிறேன். எங்கள் ஊர் ‘குட்டி ஜப்பான்’. தீப்பெட்டிக்கும் வெடிக்கும் லேபிள் அச்சடிக்கப்போய் அச்சுத் தொழிலிலும் பெரிதான ஊர். ஆப்செட் மிஷின் ஓட்டிய பெரியவர் ஒருவர் இந்த நாடாவைப் பற்றி என்னிடம் சொன்னார்: “ரெண்டு பக்கமும் போட்டுப் பார்த்தேன் தம்பி. பாட்டு எப்ப வரும், எப்ப வரும்னு உக்காந்திருந்தேன். வரவேயில்ல. நடுவுல வாசிக்கிறத மட்டும் தனியா எடுத்து வச்சுட்டாரு.” படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். இதைவிடச் சரியான அமைப்பியல் வாசிப்பு எனக்குத் தெரிந்து இல்லை. பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே சில விநாடிகளுக்குள் அடைபட்டிருந்த இடையிசை, குரலையும் கதாநாயகனையும் உதறிவிட்டுத் தனியே நிற்க முடியுமா என்பதுதான் இந்த நாடாவின் கேள்வி. ‘யு கேனாட் பி ஃப்ரீ’ என்று இன்னொரு உருப்படிக்குப் பெயர். பதிலையும் அவரே சொல்லிவிட்டாரோ என்னவோ.

தீப்பெட்டி ஆபீசில் சின்ன வயசிலிருந்து கட்டை அடுக்கிய என் அத்தையின் அபிப்பிராயம் வேறு. அங்கே ரேடியோ உண்டு. “நாலு பாட்டு முடியறதுக்குள்ள ஒரு கட்டை ஏறணும்னு மனசுல ஒரு கணக்கு இருக்கும். இதுல எங்க ஆரம்பம், எங்க முடிவுன்னே தெரியலையே, எதை வச்சு எண்ண?” பாட்டு என்பது அத்தைக்குக் கூலியின் கடிகாரம். கட்டைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவளுக்குப் பாட்டின் நீளம் உழைப்பின் நீளம். ‘மெல்லிசை’ என்று நாமும், ‘சாஃப்ட் ராக்’ என்று மேற்கிலும் சொல்வதில் உள்ள அந்த மென்மை, வேலை செய்யும் கையைத் தொந்தரவு செய்யாத மென்மை. மேற்கில் எழுபதுகளில் விமர்சகர்கள் சாஃப்ட் ராக்கை ‘பின்னணியில் ஓடுவதற்கான சரக்கு’ என்று ஏளனம் செய்தார்கள். பின்னணி யாருடையது, முன்னணியில் யார் என்ன வேலை செய்துகொண்டிருந்தார்கள் என்பது அந்த ஏளனத்தில் இடம்பெறவில்லை. குழந்தைத் தொழிலாளர் தடுப்பு, ஒழுங்குமுறைச் சட்டம் வந்ததும் இதே 1986தான். ஒரு நாடாவை முழுதாக உட்கார்ந்து கேட்பதற்கு ஓய்வு வேண்டும். ரசனையைப் பற்றி எழுதுகிற நாம் ஓய்வைப் பற்றி எழுதுவதில்லை.

ஓய்வைப் போலவே கருவியும் உண்டு. கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கரில் கீழ்ஸ்தாயி வராது. இளையராஜாவின் எதிரிசையில் பாதி பேஸ் கிட்டாரில் இருக்கிறது. மேலே ஒரு மெட்டு போக, கீழே அது தன் பாட்டுக்கு இன்னொரு மெட்டு சொல்லிக்கொண்டே போகும். குழாயில் கேட்டவர்களுக்கு மேல் மெட்டு மட்டும், ஹெட்போன் வைத்திருந்தவர்களுக்கு இரண்டும். ஆக ‘சாதாரண ஜனங்களுக்கு இது புரியாது’ என்ற அபிப்பிராயத்தில் ஒரு பகுதி ஸ்பீக்கரின் விலை.

நாடா எப்படி என்று கேட்டால்: சமமாக இல்லை. ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’, பாகின் ஈ மேஜர் வயலின் பார்ட்டிட்டாவின் முன்னிசையை எடுத்துக்கொண்டு அதனூடே நம் பக்கத்து வயலினை நடக்க விடுகிறது. வி.எஸ்.நரசிம்மனின் வில் அற்புதம். ஆனாலும் விருந்தாளிக்குக் கொஞ்சம் அதிகமாகவே மரியாதை. ‘மேட் மாட் மூட் ஃப்யூக்’கில்தான் அவர் வீட்டுக்காரராக நடந்துகொள்கிறார். ஒரு குரல் சொன்னதை இன்னொரு குரல் வாங்கிச் சொல்லும், முதல் குரல் அதற்காக வாயை மூடிக்கொள்ளாது. தனி ஆவர்த்தனமான ஒரே குரலுக்குப் பழகிய நம் சங்கீத மரபில் இது அரசியல் என்றே நினைக்கிறேன்.

வீடு என்றதும் ஞாபகம் வருகிறது. 1988இல் பாலுமகேந்திரா இந்த இசையைத் தன் ‘வீடு’ படத்துக்குப் பயன்படுத்தினார். அத்தைக்கு நாடாவின் பெயர் தெரியாது. “அந்த வீட்டுப் படத்து மியூசிக்தானே இது? பாவம், கடைசிவரைக்கும் அந்தப் பொண்ணு குடிபோகமாட்டா” என்றாள். பாகை அவர் வீட்டில் சந்தித்த கதையோடு இதையும் வைத்துக் கேட்கவேண்டும்.

சிவகாசியிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர். 2024 டிசம்பரில் தன் ‘திவ்ய பாசுரம்’ நிகழ்ச்சிக்காக ஆண்டாள் கோயிலுக்கு வந்த இளையராஜா, அர்த்த மண்டபத்துக்குள் காலெடுத்து வைத்தபோது வெளியே நிற்கச் சொல்லப்பட்டார். அர்ச்சகர்கள் தவிர எவரும் அங்கே போகமுடியாது, இது எல்லோருக்கும் பொது என்றது அறநிலையத் துறை. சுயமரியாதையை விட்டுக்கொடுக்கிறவன் நான் அல்ல, வருவதெல்லாம் வதந்தி என்றார் அவர். எங்கள் ஊர் டீக்கடைகளில் இரண்டு கட்சி. “ராஜாவையே நிப்பாட்டிட்டான்ல.” “அவரே ஒண்ணுமில்லங்காரு, உனக்கென்ன அண்ணாச்சி வலிக்கி?”

இந்த இரண்டாவது கேள்வி நமக்கானது, தோழர்களே. ‘எல்லோருக்கும் பொது’ என்ற விதி, எல்லோரிலும் சேராத ஒரு சிலருக்கு உள்ளே இடம் ஒதுக்கிவிட்டுத்தான் பொதுவாகிறது. அதைச் சொல்ல இளையராஜாவின் அனுமதி நமக்குத் தேவையில்லை. ஆனால் நாம் செய்வது அது மட்டுமல்ல. தலித் கலைஞன் என்று அவருக்குப் பெயர் வைக்கிறோம், அவர் அந்தப் பெயரை மறுக்கிறார், உடனே துரோகி என்று அடுத்த பெயர். 2025 மார்ச்சில் லண்டனில் அவருடைய ‘வேலியன்ட்’ சிம்பொனி அரங்கேறியபோதும், வாசித்தது என்ன என்று கேட்டவர்களைவிட அவர் யாருடைய ஆள் என்று கேட்டவர்களே நம்மில் அதிகம். சபாக் காதின் சான்றிதழைக் கிழித்துப் போட்டவர்கள் நாம். நம் பையில் இருக்கிற ரப்பர் ஸ்டாம்பு மட்டும் இன்னும் ஈரம் காயவில்லை.