புகையைக் கடைசிக்கு வையுங்கள்

ஜெர்மனியின் பாம்பெர்க் நகருக்கு முதல் முறை போனபோது ரயிலைவிட்டு இறங்கியதும் நேராக ஷ்லென்கர்லாவுக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். புகை பீருக்கு உலகம் முழுக்கப் பேர்போன மதுக்கூடம் அது. அதற்குப் பிறகு அன்று குடித்த எந்த பீரிலும் சுவையே தெரியவில்லை. மிளகு ரசம் குடித்த வாயில் இளநீரை ஊற்றினால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. பீர்களின் மேல் தப்பில்லை, நான் குடித்த வரிசைதான் தப்பு.

அடுத்த முறை வரிசையை ரயிலிடம் விட்டுவிட்டேன். நியூரம்பெர்க்கில் ஏறி, வடக்கே நிறுத்தம் நிறுத்தமாக இறங்கி, பாம்பெர்க்கில் முடிப்பது. மொத்தம் சுமார் 60 கிலோமீட்டர்தான். எஸ்1 என்ற உள்ளூர் ரயில் எல்லா நிறுத்தங்களிலும் நிற்கும். ‘பேயர்ன் டிக்கெட்’ என்ற ஒருநாள் சீட்டை வாங்கினால் ஐந்து பேர்வரை சேர்ந்து போகலாம், எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். வாரநாட்களில் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும். பீர் குடிக்கக் கிளம்புகிறவர்களுக்கு அது ஒரு தடையே இல்லை.

இந்தப் பகுதிக்கு ஃபிராங்கோனியா என்று பெயர். பவேரியா மாநிலத்துக்குள் இருந்தாலும் இங்கே யாரையும் பவேரியர் என்று சொல்லிவிடாதீர்கள். 1800-களின் தொடக்கத்தில்தான் பவேரியாவோடு சேர்க்கப்பட்டார்கள், அந்த மனக்குறை இன்னும் ஆறவில்லை. பீருக்கும் ரயிலுக்குமான உறவும் இங்கேதான் தொடங்கியது. ஜெர்மனியின் முதல் நீராவி ரயில் 1835 டிசம்பரில் நியூரம்பெர்க்கிலிருந்து பக்கத்து ஊரான ஃபியூர்த்துக்கு ஓடியது. மறுவருடம் ஜூலையில் அதே பாதையில் ஏற்றிய சரக்கு இரண்டு பீப்பாய் பீர். நாட்டின் முதல் ரயில் சரக்கு என்று அதைத்தான் சொல்கிறார்கள். இத்தனைக்கும் இந்தப் பக்கத்துச் சின்ன ஆலைகளின் பீர் பெரும்பாலும் ஊர் எல்லையைத் தாண்டுவதில்லை. அது வராது, நாம்தான் போகவேண்டும்.

முதல் இறக்கம் ஃபோர்ஹைம். ஸ்டேஷனிலிருந்து அரைமணி நேரம் நடந்தால் கெல்லர்வால்ட் என்ற மரங்கள் அடர்ந்த குன்று வரும். ‘கெல்லர்’ என்றால் நிலவறை. ஆனால் இங்கே யாரும் நிலவறைக்கு ‘உள்ளே’ போகிறேன் என்று சொல்வதில்லை, ‘மேலே’ போகிறேன் என்பார்கள். குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் குளிர்காலத்தில் காய்ச்சிய பீரைக் கோடையிலும் கெடாமல் வைக்க மலையைக் குடைந்தார்கள். உள்ளே வெயில் இறங்காமலிருக்க மேலே மரங்களை வளர்த்தார்கள். பிறகு யாருக்கோ யோசனை வந்திருக்கிறது: பீர் கீழே, நிழல் மேலே, நடுவில் பெஞ்சுதானே பாக்கி? இன்று அந்தக் குன்றில் இருபதுக்கும் மேற்பட்ட கெல்லர்கள் உண்டு. ஜூலை கடைசியில் அன்னாஃபெஸ்ட் என்ற திருவிழா நடக்கும். அப்போது கூட்டம் தாங்காது, பீரை ரசிக்க வேண்டுமென்றால் வேறு நாளில் வாருங்கள். பல கெல்லர்கள் கோடையில் மட்டும்தான் திறந்திருக்கும்.

இங்கே கேட்கவேண்டியது ‘ஸைட்லா’. அரை லிட்டருக்கு ஊர்ப்பேச்சில் அதுதான் பெயர். பெரும்பாலும் மண்குவளையில் வரும், உள்ளே என்ன நிறம் என்றே தெரியாது. அதுவும் நல்லதுதான், கண்ணை விட்டுவிட்டு மூக்கை வேலைக்கு அனுப்புங்கள். நம்மூரில் பீர் என்றால் பல் கூசும் அளவுக்குச் சில்லென்று இருக்கவேண்டும். அந்தக் குளிரில் நாக்கு மரத்துப்போகும், சுவை தெரியாது. பல பீர்களுக்கு அது நல்லதும்கூட. இங்கே வருவது நிலவறைக் குளிர். முதல் வாயை உறிஞ்சாமல் ஒரு முழு மடக்காக விழுங்குங்கள், ஹாப்ஸ் பூவின் கசப்பு வாய் முழுக்கத் தெரியட்டும். இரண்டாவது மடக்கில் புதிதாகச் சுட்ட ரொட்டியின் மேல்தோல் வாசனையைத் தேடுங்கள். மூன்றாவதில் குமிழிகளைக் கவனியுங்கள். நாக்கைக் குத்தாது, மெத்தென்று இருக்கும்.

அதற்குக் காரணம் ஒரு தக்கை. பட்டியலில் ‘உங்கெஷ்புண்டெட்’ என்று ஒரு வார்த்தை பார்ப்பீர்கள். ‘அடைக்காதது’ என்று பொருள். பீர் முதிரும்போது பீப்பாயை இறுக அடைத்தால் கரியமில வாயு உள்ளேயே தங்கிப் பொங்கும். அடைக்காமல் விட்டால் பெரும்பகுதி வெளியேறிவிடும். வாயு குறைந்தால் மால்ட்டின், அதாவது முளைவிட்ட பார்லியின், சுவை முன்னால் வந்து நிற்கும். வடிகட்டாததால் கொஞ்சம் கலங்கலாகவும் இருக்கும்.

சாப்பாட்டை நீங்களே கொண்டுபோகலாம், பல கெல்லர்களில் அதுதான் வழக்கம். ரொட்டி, பாலாடைக்கட்டி, முள்ளங்கி. பீரை மட்டும் அங்கே வாங்கவேண்டும். பக்கத்து மேசைப் பாட்டி கத்தி, உப்புப் புட்டி, மேசைத்துணி எல்லாவற்றையும் கூடையிலிருந்து எடுத்து வைப்பதைப் பார்த்தபோது எனக்கு நம்மூர் ரயில் பயணத்துக் கட்டுச்சோறு ஞாபகம் வந்தது.

அடுத்து புட்டன்ஹைம். ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் கொஞ்சம் நடை. ஜீன்ஸ் புகழ் லீவை ஸ்ட்ராஸ் 1829-ல் பிறந்தது இங்கேதான், பிறந்த வீடு இப்போது அருங்காட்சியகம். சின்ன ஊர், ஆனால் இரண்டு பீர் ஆலைகள்: செயின்ட் கியோர்கன், லோவன்பிராய். இரண்டாவதற்கும் ம்யூனிக்கின் பெரிய லோவன்பிராய்க்கும் பெயரைத் தவிர எந்தச் சம்பந்தமும் இல்லை. இரண்டு இடத்திலும் கெல்லர் பீரையே கேளுங்கள். ஒரே ஊர், ஒரே வகை, ஒரே மதியம், இருந்தும் வித்தியாசம் தெரியும். சுவையை ஒப்பிட்டுப் பழக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஆளுக்கொரு குவளை வாங்கி மாற்றிக் குடித்தால் போதும். நாலு ஸைட்லா என்றால் இரண்டு லிட்டர், அதை மறக்க வேண்டாம்.

பாம்பெர்க்கில் இறங்கும்போது, காற்று சரியாக வீசினால், மால்ட் வறுக்கும் மணம் வரும். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் தெரியும் செங்கல் கட்டிடங்கள் வையர்மான் மால்ட் ஆலை, 1879-ல் தொடங்கியது. பல நாட்டு பீர் ஆலைகளுக்கு இங்கிருந்துதான் மால்ட் போகிறது.

புகைக்குப் போகுமுன் வுண்டர்பர்க் பகுதியில் மார்ஸ் பிராய்க்குப் போங்கள். அங்கே ‘ஆ ஊ’ என்றால் போதும். ‘ஒரு உ’ என்று அர்த்தம், மேலே சொன்ன அடைக்காத பீரின் முதலெழுத்து. ஒரே நிமிடத்தில் மேசைக்கு வந்துவிடும்.

இனி புகை. முளைவிட்ட பார்லியைக் காயவைக்க ஒரு காலத்தில் விறகுத் தீயைத்தான் மூட்டினார்கள், அதனால் அன்றைய பீர் பெரும்பாலும் புகைதான். சூடான காற்றை மட்டும் தனியாகப் பிரித்து அனுப்பும் உலைகள் வந்ததும் உலகம் புகையைக் கைவிட்டது. பாம்பெர்க்கில் இரண்டு வீடுகள் விடவில்லை. முதலில் 1536-லிருந்து இருக்கும் ஷ்பெட்சியால்: புகை மெலிதாக, பக்கத்து வீட்டு விறகடுப்பு போல வரும். எதிர்வாடையில் ஃபெஸ்லா, அங்கே புகையில்லாத பீரால் வாயைக் கழுவிக்கொள்ளலாம். பிறகு ஆற்றைத் தாண்டிப் பழைய நகரத்துக்குள் ஷ்லென்கர்லா. பீச் மரத்தின் புகையில் காய்ந்த மால்ட், மரப் பீப்பாயிலிருந்து நேராகக் குவளைக்கு வரும்.

முதல் மடக்கில் கருகலும் புகைபோட்ட இறைச்சியின் வாடையும்தான் தெரியும். பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். மூக்கு புகைக்குப் பழகப் பழக, அதன் அடியில் இருக்கும் இனிப்பு மேலே வரும். மூன்று குவளை போனால்தான் பிடிக்கும் என்பது ஊர்ப்பேச்சு. நல்ல வியாபாரப் பேச்சும்கூட. எனக்கு ஒன்றின் பாதியிலேயே பிடித்துவிட்டது. இன்னும் கொஞ்சம் வேண்டும், ஆனால் முழுக் குவளை வேண்டாம் என்றால், தருகிற இடங்களில் ‘ஷ்னிட்’ கேளுங்கள்: வேகமாக ஊற்றிய, நுரை நிறைந்த கடைசி வாய். ரயிலுக்கு நேரமாகிவிட்டவர்களுக்கென்றே கண்டுபிடித்தது போலிருக்கும்.

கிளம்பும்போது ஷ்லென்கர்லாவின் வெளிர்நிற லாகர் ஒரு பாட்டில் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அன்று இரவு திறக்க வேண்டாம். அதில் புகை மால்ட்டே சேர்ப்பதில்லை. ஆனால் அதே கொப்பரையில் காய்ச்சி, அதே ஈஸ்ட்டைப் போடுவதால் ஒரு நூலிழை புகை ஒட்டிக்கொண்டு வரும். நாக்கு தெளிந்த பிறகு, மறுநாள் நியூரம்பெர்க்கில் குடித்துப் பாருங்கள், அந்த நூலிழை தெரிகிறதா என்று. எனக்கு இரண்டாவது பயணத்தில்தான் தெரிந்தது. காலி பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கடையில் திருப்பிக் கொடுத்தால் 8 செண்ட் தருவார்கள்.